மாடிவீட்டு இருமல்

முதலில் ஒரு வயலின். எதையோ சொல்ல வந்து தயங்குகிற மாதிரி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அடியைத் தொட்டதும் நின்றுவிடும். அந்த மௌனத்தில் யாரோ ஒருவர் இருமுவார். வியாதிக்காரரின் இருமல் இல்லை அது. சபையில் உட்கார்ந்திருப்பவர் அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், வெட்கத்தோடு வெளியே விட்ட இருமல். ‘உஹு... ஹூம்.’ அவ்வளவுதான். அதை மன்னித்துவிட்டது போல வயலின் மறுபடி எழும். எழுந்து எழுந்து எங்கேயோ போகும்.

சர்வேயர் அதைக் கேட்டது சிறு வயதில், ஒரு வாடகை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து. மாடியில் ஒரு தையற்காரம்மா குடியிருந்தாள். மத்தியான வேளையில் அந்த இசைத்தட்டைப் போடுவாள். தையல் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இருமல் வரும் இடத்துக்கு முன்னால் மட்டும் நின்றுவிடும். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. மூடிய கதவுக்கு உள்ளே அவள், வெளியே இவர். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாடி காலியாகிப் பூட்டு தொங்கியது.

கதவைத் தட்டி, “அது என்ன ரெக்கார்டு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு வார்த்தை பின்னால் ஒரு வீட்டையே அடைத்துக்கொண்டது.

நிஜமாகவே அடைத்துக்கொண்டது. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கல் நட்டவர், சொந்த வீட்டில் எல்லை தெரியாமல் போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கடைகளில் ஏறி இறங்கி, வயலின் என்று எழுதியிருந்த தட்டையெல்லாம் வாங்கினார். பிறகு எழுதாததையும் வாங்கினார். உறைக்குள் தட்டு மாறியிருக்கலாம் அல்லவா? ஒவ்வொன்றையும் சுழலவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். யாரும் இரும மாட்டார்கள். உலகத்து ரசிகர்களுக்கெல்லாம் தொண்டை அவ்வளவு சுத்தம்.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த இருமலை இருமிக் காட்டி, “இப்படி ஒண்ணு கேட்டிருக்கீங்களா?” என்று விசாரிப்பார். விருந்துக்கு வந்த டாக்டர் ஒருவர், சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதால் சம்பாதித்த குடும்பத்தலைவி. யார் “ஹலோ” சொன்னாலும், அதில் பாதியிலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். மகள் வெளிநாட்டு வேலைக்குப் போன வாரமே, மகளின் அறைக்குள் இசைத்தட்டுகள் குடியேறியதைப் பார்த்து அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“இது வீடா, கிடங்கா?”

“தேடறேன்ல?”

“அவளவள் புருஷன் குடிக்கிறான், சீட்டாடறான். சொன்னா நாலு பேருக்குப் புரியும். எனக்கு வாய்ச்சது இருமல் தேடுது. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்லி அழ?”

“அது கிடைச்சா அன்னிக்கே நிறுத்திடறேன். அதுக்கப்புறம் ஒரு ரெக்கார்டு வாங்கினா ஏன்னு கேளு.”

“யார் மேல சத்தியம்?”

சர்வேயர் ஒரு கணம்தான் யோசித்தார். “மக மேல சத்தியம்.”

பக்கத்தில் எடுத்து வைத்திருந்த போனில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள், “அப்பா, என்னை ஏன்ப்பா நடுவுல இழுக்கறீங்க?” என்றாள்.

அன்றைக்குச் சர்வேயர் நிம்மதியாகத் தூங்கினார். பார்க்க அந்தச் சத்தியம் கைவிலங்கு மாதிரி இருந்தது. உண்மையில் அது உரிமம். கிடைக்காத ஒன்றைத் தேடுகிறவனை யார் நிறுத்த முடியும்? ஆயுளுக்கும் வாங்கலாம். மனைவியை ஜெயித்துவிட்டோம் என்று அவர் நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாவம், நன்றாகவே நம்பினார்.

ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்க இருவரும் வெளிநாடு போனார்கள். விமான நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் வழியில், டிராம் ஜன்னலிலிருந்து சர்வேயர் அந்தக் கடையைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகக் கறுப்பு. டிராம் திரும்பியது. அவர் கழுத்து திரும்பவில்லை.

“கழுத்து சுளுக்கிடுச்சா?” என்றாள் மனைவி.

“ஊரைப் பாக்கறேன்.”

“ஊர் இந்தப் பக்கமும் இருக்கு.”

மறுநாள் காலை, எல்லாம் பக்காவாகத் திட்டம் போட்டு, சர்வேயர் முகம் மழித்தார். நல்ல சட்டை போட்டார். “கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்” என்று மிக இயல்பாகச் சொன்னார்.

மனைவி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நடக்கறதுக்கு எதுக்கு சதுரப் பை?”

சர்வேயர் தன் கையைப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்த, இசைத்தட்டு அளவுக்கு அவரே அளந்து தைக்கச் சொன்ன துணிப்பை, மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. உடம்புக்கு மூளையை விட ஞாபகசக்தி அதிகம்.

“வழியில... ஏதாவது காய்கறி...”

“சதுரமான காய்கறி?”

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நானும் வரேன்” என்று எழுந்தாள் மனைவி. “அங்க உக்கார நாற்காலி இருக்கும்ல?”

எங்கே என்று அவள் கேட்கவில்லை. சர்வேயர் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார்.

வெளியே இருந்து பார்த்தால் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான். கதவைத் தள்ளியதும் படிகள் கீழே இறங்கின. இறங்கி முடித்த இடத்தில் சர்வேயர் நின்றுவிட்டார்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் கண் தானாக அளக்க ஆரம்பிக்கும். நீளம், அகலம், சுவரின் சாய்வு. அது தொழில் புத்தி. அங்கே முதல் தடவையாக அளக்கத் தோன்றவில்லை. வரிசை வரிசையாக மரப்பெட்டிகள். பெட்டிக்குள் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் உறைகள். வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூடம். அதற்கும் அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய அட்டையின் வாசனை, மழை விட்ட பிறகு திறந்த அலமாரியின் வாசனை போல நின்றது. பத்திருபது பேர் இருந்தும் பேச்சில்லை. விரல்கள் உறைகளைத் தள்ளும் ஓசை மட்டும், எங்கேயோ புறாக்கள் இறக்கையை மாற்றி வைத்துக்கொள்வது போல.

எத்தனை வீடுகள் காலியாகி இங்கே வந்து நிற்கின்றன என்று நினைத்தார். எத்தனை மத்தியானங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் ஒரு மூடிய கதவு. கதவுக்கு வெளியே, கேட்காமல் போன ஒருவன்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

“என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

“என்ன வாயப் பொளந்துட்டு நிக்கறீங்க? நம்ம வீடும் இப்படித்தான இருக்கு.”

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பாதம் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சர்வேயர் பெட்டிகளுக்குள் முழுகிப்போனார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடும் ஆசாமி. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடையின் மூலையில் ஒரு பெட்டி. அதில் உறை தொலைந்து, பெயர் அச்சிட்ட நடுச்சீட்டும் கிழிந்து போன தட்டுகள். பெயர் தெரியாத பிள்ளைகள். தினமும் மத்தியானம் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கடை முழுக்கக் கேட்கும்படி போடுவார். யாராவது கேட்டு, “இது இன்னாருடையது” என்று அடையாளம் சொல்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. யாரும் சொல்லாவிட்டால் மறுபடி பெட்டிக்குள் போகும்.

அன்றைக்கும் ஒன்றை எடுத்தார். துணியால் துடைத்தார். ஊசியை இறக்கினார்.

ஒரு வயலின், எதையோ சொல்ல வந்து தயங்கியது.

சர்வேயரின் விரல்கள் இரண்டு உறைகளுக்கு நடுவே அப்படியே நின்றன. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது இறங்கியது. அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு படியாக இறங்கியது. இந்தப் படி, அடுத்த படி, சுவரில் காரை பெயர்ந்த படி, அவர் உட்கார்ந்திருந்த படி. அடியைத் தொட்டது. நின்றது.

‘உஹு... ஹூம்.’

அந்த மனிதர் இத்தனை காலமும் அங்கேயே உட்கார்ந்து, அதே இருமலை அடக்கிக்கொண்டு, இவர் வரட்டும் என்று காத்திருந்தது போல இருந்தது. வயலின் எழுந்தது. சர்வேயரின் கண்ணில் நீர் எழுந்தது. கடையும் ஆட்களும் கலங்கி ஒரே வெளிச்சமாகத் தெரிந்தார்கள்.

அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு பாதம். அது ஆடவில்லை.

மனைவி கண்ணைத் திறந்திருந்தாள்.

அப்போதுதான் சர்வேயருக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. மகள் மேல் செய்த சத்தியம். கிடைத்தால் அன்றைக்கே நிறுத்துவது. இனி இந்தப் பெட்டிகள் இல்லை, இந்தப் புறா இறக்கைச் சத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. சுற்றிலும் பார்த்தார். கூடத்துக்கு அப்பால் கூடம். இன்னும் தொடாத வரிசைகள். பரலோகத்துக்குள் விட்ட கையோடு வாசலைக் காட்டுகிறார்களே!

“கிடைச்சுடுச்சா?” என்றாள் மனைவி.

“எது?”

“இருமல்.”

“எந்த இருமல்?”

“இப்ப இருமினாரே.”

“அது... நான்தான் இருமினேன். தூசி.”

“வாயை மூடிட்டா?”

“பழக்கம்தான்.”

மனைவி நாற்காலியில் திரும்பினாள். கடைக்காரரைப் பார்த்து, ஒரு விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். மொழி தெரியாத ஊரில் அவளுக்குப் பேச்சு தேவைப்பட்டதே இல்லை. கடைக்காரர் தலையாட்டிவிட்டு ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

வயலின் மறுபடி இறங்கத் தொடங்கியது. சர்வேயருக்கு நெற்றி வியர்த்தது. இன்னும் நாலு படி. இன்னும் மூன்று. மனைவி காதை ஒலிபெருக்கிப் பக்கம் சாய்த்தாள். எக்ஸ்சேஞ்சில் தூரத்து ஊர்க்காரரின் குரலைப் பிடிக்க அப்படித்தான் சாய்வாள். வயலின் அடியைத் தொட்டது.

நின்றது.

சர்வேயர் இருமினார்.

சாதாரணமாக இல்லை. கூரையில் தூசி உதிர இருமினார். பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த உறையைக் கீழே போட்டார். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆயுசு பூராவும் எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாரோ, அந்தச் சத்தத்தின் மேல் தன் கையாலேயே, இல்லை, தன் தொண்டையாலேயே மண் அள்ளிப் போட்டார். மண்ணுக்கு அடியிலிருந்து வயலின் எழுந்தது. அது இந்த இருமலையும் மன்னித்தது போலத்தான் இருந்தது. அது அவருக்கு இன்னும் வலித்தது.

“ஐயோ பாவம்” என்றாள் மனைவி. “நிஜமாவே பலமான இருமல்தான். வாங்க, வீட்டுக்குப் போய் வெந்நி குடிங்க.”

“இல்ல, இன்னும் கொஞ்சம்...”

“இந்தத் தூசியிலயா? நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? எழுந்திருங்க.”

எழுந்திருக்க அவர் உட்கார்ந்திருக்கவே இல்லை. இருந்தாலும் கிளம்பினார். சதுரப் பை காலியாகத் தொங்கியது. படியேறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் அந்தத் தட்டை ஊசியிலிருந்து எடுத்து, பெயரில்லாத பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நல்லது. யாருக்கும் அது என்னவென்று தெரியாது. நாளைக்கு வந்து கமுக்கமாக வாங்கிவிடலாம். வாங்கி, ஊரில் இருக்கும் குவியலுக்கு நடுவில் செருகிவிட்டால் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. இருமலும் கைக்கு வரும், சத்தியமும் நிற்கும், ஞாயிற்றுக்கிழமைகளும் மிஞ்சும். சர்வேயருக்குத் தன் புத்தியை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க அவருக்கு வைத்தியம் நடந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடித்தார். கழுத்தில் மகளின் கம்பளித் துணியைச் சுற்றினார்கள்.

“எப்பலேர்ந்துப்பா இருமல்?” என்றாள் மகள்.

“ரொம்ப நாளா இருக்கு உங்க அப்பாவுக்கு” என்றாள் அம்மா. “இன்னிக்குத்தான் வெளிய வந்துது.”

போர்வைக்குள் சர்வேயர் அசையாமல் இருந்தார்.

மறுநாள் காலை எழுந்தபோது வீட்டில் மனைவி இல்லை. “அம்மா கடை வரைக்கும் போயிருக்காங்க” என்றாள் மகள். அதிர்ஷ்டம் என்று நினைத்து, கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல், பையை இடுக்கிக்கொண்டு ஓடினார். படிகளில் இறங்கினார். மூலைப் பெட்டியைத் துழாவினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைக்காரர் வந்து என்ன வேண்டுமென்று கேட்டார். தெரிந்த அரைகுறை மொழியில், நேற்றுப் போட்ட வயலின் என்று விளக்கினார்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. அதுவா! காலையில் கதவைத் திறக்கும்போதே ஓர் அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்து, நேராக நின்று, என்னைப் பார்த்து...

கடைக்காரர் கையை வாயருகே வைத்து, ‘உஹு... ஹூம்’ என்றார்.

எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றார்.

அச்சு அசல். அளவு பிசகவில்லை. முதல் துண்டில் இருந்த வெட்கம், இரண்டாவதில் இருந்த நிம்மதி, எல்லாம் அப்படியே. அவள் இரும, அதைக் கேட்டுக் கடைக்காரர் இரும, இரண்டு கை மாறியும் கெடாமல் வந்திருந்தது. இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில், வாசலில், விருந்தாளிகள் முன்னால் அவர் இருமிக் காட்டியபோதெல்லாம், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் இருந்தாள். கேட்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

டிராமில் திரும்பும்போது சர்வேயருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. முந்தின நாள் அந்தக் கூடங்களைப் பார்த்து நின்றாரே, அதே மாதிரி ஒரு பிரமிப்புதான் வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே அளக்காமல் விட்ட நிலம் இவ்வளவு இருந்திருக்கிறது.

வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க போயிட்டு வரீங்க?”

“நடக்க.”

“பையோட?”

“ம்.”

“ஒண்ணும் கிடைக்கலையா?”

“ஒண்ணும் தேடலையே.”

“அப்ப சரி.” கத்தி டக்டக்கென்று ஓடியது. பிறகு நின்றது. “ஏதாவது வேணும்னா வாயத் திறந்து கேக்கணும். கேட்டாத்தான் கிடைக்கும்.”

கேட்டால் தட்டு கிடைக்கும். கேட்ட அந்த நொடியில் சத்தியம் அமலுக்கு வந்துவிடும். சர்வேயர் வாயைத் திறந்தார். மூடினார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையனாக ஆகிவிட்டார்.

“தண்ணி வேணும்” என்றார்.

ஊர் திரும்பும் நாளில் மனைவியின் பெட்டியை அவர் யாரையும் தொட விடவில்லை. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். மேடு பள்ளத்தில் சக்கரத்தை உருட்ட விடவில்லை.

“என்னங்க இவ்வளவு பத்திரம்?”

“உன் புடவை கசங்கும்ல.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் புடவை மேல இப்பத்தான் அக்கறை வந்துதா?”

மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிரிவுத் துயரம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருக்கலாம்.

ஊரில் அவர்கள் இருப்பது மாடிவீடு. வந்து சேர்ந்து சில நாள் கழித்து, சாயங்கால நடைக்குக் கிளம்பிய சர்வேயர், குடையை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பினார். படியேறும்போது கேட்டது. மூடிய கதவுக்கு உள்ளே வயலின் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்தார்.

கடையில் கேட்டபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று அப்போது தெரியவில்லை. குறைந்தது இந்தக் கதவு. மரத்தின் வழியாக வரும்போது வயலின் கூர்மையெல்லாம் இழந்து, இருட்டில் யாரோ தலையைத் தடவுவது போல வந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓசை, குறிப்பிட்ட இடத்துக்கு முன்னால் நின்றது. இருமல் வந்தது. வயலின் எழுந்தது. சர்வேயர் கைப்பிடிச் சுவரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். கதவைத் தட்ட ஒரு கை தூரம்தான். தட்டவில்லை.

முடிந்ததும் எழுந்து, ஓசைப்படாமல் இறங்கி, தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்துச் சத்தத்தோடு ஏறி வந்தார்.

“நல்லா நடந்தீங்களா?” என்றாள் மனைவி.

“நல்ல காத்து” என்றார்.

அடுத்த நாளும் நல்ல காற்று. அதற்கடுத்த நாளும். மழை பெய்த நாளில்கூட அவர் நடக்கப் போனதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் வியந்தார். மனைவிக்குச் சந்தேகமே வரவில்லை என்பதில் சர்வேயருக்குக் கொள்ளைச் சந்தோஷம். இந்த ஒரு விஷயத்திலாவது ஆபரேட்டரம்மாவின் காதை ஏமாற்றியாயிற்று.

ஒரு சாயங்காலம், தெருமுனை வரை போய் வழக்கம்போலப் பூனை நடை நடந்து ஏறினார். அவர் உட்காரும் படியில் ஒரு மெத்தை போட்டிருந்தது. புதிதாகத் தைத்த மெத்தை. அளவு கச்சிதம். உள்ளே அப்போதுதான் ஊசி இறங்கும் கரகரப்பு கேட்டது.

சர்வேயர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் இசைத்தட்டு எதுவும் வாங்கவில்லை.